இருபத்தைந்தாவது சிப்பாய்

கொத்தமங்கலத்து வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பைக்கை முகப்பில் ஏற்றி நிறுத்திவிட்டு, தங்கச்சி கொடுத்த சாவிக்கொத்தைப் பிரித்துப் பார்த்தேன். பதினெட்டுச் சாவிகள். அவ்வளவு பெரிய வீட்டில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் அறை.

வீட்டுக்காரர் தேனம்மை ஆச்சி சென்னையில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வந்து போவார். வீட்டைப் பார்த்துக்கொண்டது என் தங்கச்சி யோகலட்சுமியின் கணவன் அழகுராஜா. அவன் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள்தான் கருமாதி முடிந்தது.

அவன், இவன் என்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். நேரில் எப்போதும் “வாங்க மாப்ள, இருங்க மாப்ள” என்று மரியாதையாகத்தான் பேசுவேன். மனசுக்குள் மட்டும் அவன்.

வீட்டு வேலைக்கு வரும் சோலையம்மாள் வளவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கல்தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாகப் பூட்டிய அறைகள். தேங்கிய மழைத்தண்ணீரை அவள் தள்ளிவிடும் சத்தம் நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது.

“வாங்கய்யா. அந்த ரூம்ப மட்டும் நான் கூட்டலை. கூட்டுனா எம் பட்டாளமே வெளக்கமாத்தோட போயிரும்னு உங்க மாப்ள சொல்லிருக்காக” என்றாள். “வச்சது வச்சபடி கெடக்கு.”

கதவைத் தள்ளினேன். பூட்டிக் கிடந்த தேக்கின் வாசனையும் அதற்கு மேல் வார்னிஷ் நெடியும் முகத்தில் அடித்தன. பதினேழு நாளில் போயிருக்க வேண்டிய நெடி அது. ஜன்னல் ஓரத்து மேசையில் அவன் பட்டாளம் நின்றது. தீப்பெட்டி அளவு மரத்துண்டுகள் முப்பத்தொன்பது, பேஸ் என்போம். ஒவ்வொரு பேஸிலும் இருபத்துநான்கு சிப்பாய்கள். தொப்பி, சட்டை, முகம், துப்பாக்கி, காலடிப் புல் எல்லாமே சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல வெளுத்திருந்தன.

அது எப்படி வெளுத்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

காரைக்குடியில் நான் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறவன். பெயர் சேவுகப்பெருமாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பத்தடி உயரத்துக்கு முகம் முகமாகச் செய்து தள்ளுவேன். ஆனால் என் ஆசை எல்லாம் சின்ன வேலையில். நான்கு வருடம் முன்பு கானாடுகாத்தானில் தங்கியிருந்த மார்ட்டின் என்ற பெல்ஜியத்துக் கிழவர் ஏதோ பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்தார். மேசையில் நான் செய்து வைத்திருந்த கட்டைவிரல் நீளத்து பஸ்ஸைப் பார்த்தார். அதில் தேவகோட்டை போர்டு வரைக்கும் எழுதியிருந்தேன். அடுத்த வருடம் வரும்போது ஒரு டப்பா நிறையச் சிப்பாய்கள் கொண்டுவந்தார்.

அது பெரியவர்கள் ஆடும் போர் விளையாட்டு. மேசையில் ஒரு பக்கம் நெப்போலியன் படை, மறுபக்கம் அவனை எதிர்த்தவர்களின் படை. தாயம் உருட்டி, டேப் வைத்து அளந்து, படையை நகர்த்துவார்கள். சிப்பாயின் உயரம் ஆறு மில்லிமீட்டர். ஒரு சோற்றுப் பருக்கைக்குத் தொப்பி வைத்தால் அவ்வளவுதான் இருக்கும். ஈயத்தில் வார்த்து வருவான். அவனை ஐஸ் குச்சியில் ஒட்டி, முதலில் கறுப்பு அடித்து, பிறகு நீலச் சட்டை, நெஞ்சில் குறுக்காக இரண்டு வெள்ளை வார், துப்பாக்கிக்கு ஒரு பழுப்புக் கோடு. கண் எழுத மாட்டோம். முகம் என்பது ஒரே ஒரு புள்ளி. எட்ட நின்று பார்ப்பவரின் கண் மிச்சத்தைப் போட்டுக்கொள்ளும்.

கடைசியில் ஆட்களை பேஸில் வரிசையாக ஒட்டி, காலடியில் பசை தடவி, டீ வடிகட்டியில் சலித்த மண்ணைத் தூவி, அதன் மேல் புல்தூள் போட வேண்டும். இடுப்பை ஒடிக்கும் வேலை. அந்த மண் ஒட்டும் வேலைக்குத்தான் அழகுராஜாவைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துக்கொண்ட வீட்டில் வெளிச்சம் நன்றாக இருந்தது, அவனுக்கும் பொழுது போகவில்லை.

மண் ஒட்ட வந்தவன். ஆறு மாதத்தில் என்னைத் தாண்டிவிட்டான்.

எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதே தூரிகை, அதே டப்பா நீலம். நான் அடித்தால் நீலச் சட்டை போட்ட பொம்மை. அவன் அடித்தால் பத்து மைல் நடந்து வந்தவன். ஒருவன் தோள் வலிக்கிறது என்று துப்பாக்கியை மாற்றிப் பிடித்திருப்பது போலத் தோன்றும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த ஈயம்தான். மார்ட்டின் அடுத்த வேலையை நேராக அவனுக்கே அனுப்பினார். ஐம்பது பேஸ், ஆயிரத்து இருநூறு பேர், தன் ஊரில் ஜனவரி மாதக் கண்காட்சிக்கு. எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்து டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிப் போட்டேன்.

ஐப்பசி மாதம் ஒரு காலை அவன் போன் செய்தான்.

“மச்சான், நாப்பது பேஸ் முடிஞ்சுருச்சு. மேகமூட்டமாத்தான் இருக்கு. ஸ்ப்ரே வார்னிஷ் இன்னைக்கே அடிச்சிரலாமா?”

ஈரக் காற்றில் அந்த வார்னிஷை அடிக்கவே கூடாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு எல்லாம் வெளுத்துவிடும். இரண்டு வருடம் முன்னால் என் பன்னிரண்டு பேஸ் அப்படி வெளுத்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். அதற்கு மருந்தும் கண்டுபிடித்தேன். தூரிகையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவினால் அரை மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும். இரண்டையும் அவனிடம் சொன்னதில்லை.

“அடிங்க மாப்ள. ஒண்ணும் ஆகாது” என்றேன்.

சாயங்காலம் நான்கு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டான்.

“மச்சான்... எல்லாம் வெளுத்துப்போச்சு. ஏழு மாச வேல மச்சான். என்ன செய்ய?”

“எனக்கும் தெரியலையே மாப்ள. பொறுங்க, நாளைக்கி வாரேன்.”

ஒரே ஒரு ராத்திரி அவன் தூங்காமல் கிடக்கட்டும் என்று நினைத்தேன். காலையில் போய், எண்ணெய் தடவிக் காட்டி, மேதாவி ஆகிவிட வேண்டும் என்பது என் கணக்கு. சத்தியமாக அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

அவன் பொறுக்கவில்லை. திருச்சியில் ஒரு பெயிண்ட் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று, வெளுத்த பேஸ் ஒன்றை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, மழையோடு பைக்கை எடுத்திருக்கிறான். திருமயம் தாண்டி, விளக்கில்லாமல் ஓரமாக நின்ற ஒரு லாரி. டிபன் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருபத்துநான்கு பேரும் பத்திரமாக இருந்தார்கள்.

கருமாதி அன்று எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு யோகலட்சுமி என்னிடம் சாவியையும் அந்த டிபன் பாக்ஸையும் கொடுத்தாள்.

“அண்ணே, மிச்சத்த நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும். அவுக பேரு போட்டு அங்குட்டுப் போய்ச் சேரட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

தலையை ஆட்டினேன். அன்று மாலையே மார்ட்டினும் மெயில் அனுப்பினார். அழகுராஜா போனதற்கு மூன்று வரி வருத்தம். பிறகு, கண்காட்சியில் படைக்கு முன்னால் ஓவியர் பெயரை அச்சடித்து வைப்போம், எந்தப் பெயர் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். வெளுத்துப் போனதை மீட்கப் போகிறவன் யார்? நான். மிச்சம் பத்து பேஸுக்கு நிறம் அடிக்கப் போகிறவன் யார்? நான். செத்தவனுக்குப் பெயர் எதற்கு? “சேவுகப்பெருமாள்” என்று பதில் போட்டேன்.

முதல் நாள் நல்லெண்ணெயில்தான் வேலையைத் தொடங்கினேன். தூரிகை பட்ட இடத்தில் வெள்ளை கரைந்து நீலம் எழுந்து வந்தது. ஆள் ஆளாகப் படை திரும்பி வந்தது. ஒவ்வொருவன் வரும்போதும் எனக்குள் எரிந்தது. என்ன வேலை செய்திருக்கிறான்! நாற்பது பேஸும் நிறம் திரும்பியதும் ஒவ்வொன்றையும் கவிழ்த்தேன். அடியில் “அ.ரா.” என்று எழுதிய சின்னத் தாள் ஒட்டியிருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு “சே.பெ.” என்று என் தாளை ஒட்டினேன். அந்த வேலைக்கு மூன்று நாள் பிடித்தது.

நான்காம் நாள் என் சொந்த பேஸில் முதலாவதை முடித்தேன். இருபத்துநான்கு பேரை மூன்று வரிசையாக ஒட்டி, மண் தூவிக் காய வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு வெளிச்சம் போனதும் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். இந்த வேலையை விளக்கொளியில் செய்ய முடியாது, நிறம் ஏமாற்றிவிடும்.

மறுநாள் காலை பேஸைக் கையில் எடுத்தேன். ஏதோ ஒன்று நன்றாக இருந்தது.

என் வேலையில் அப்படி எனக்குத் தோன்றியதே இல்லை. பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் ஒருவன். மற்றவர்கள் பொம்மையாக நிற்க, அவன் மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தான். நீலத்தின் மேல் தூசி படிந்திருந்தது. வாரில் ஓர் இழை அழுக்கு.

எண்ணினேன்.

இருபத்தைந்து.

தவறாக ஒட்டியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு குச்சிக்கு ஆறு பேர், நான்கு குச்சிதான் எடுத்தேன். அந்தக் குச்சிகளும் மேசையில் கிடந்தன. பிளேடை வைத்து அவனை நெம்பி எடுத்து, வளவின் ஓரத்துச் சாக்கடைத் துளையில் போட்டேன். மழைத்தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. பேஸில் விழுந்த பள்ளத்துக்கு மண் தூவி மூடினேன்.

அடுத்த நாள் அவன் அதே இடத்தில் நின்றான். மண் கலையவில்லை, பள்ளமும் இல்லை. காலடியில் புல்கூட இருந்தது. நான் இன்னும் புல் போட ஆரம்பிக்கவில்லை.

ஆனால் இந்த முறை அவன் மற்றவர்களோடு சேர்ந்து முன்னால் பார்க்கவில்லை. திரும்பி நின்றான். பெயிண்ட் அடிக்கிறவன் உட்காரும் பக்கம் பார்த்து.

எழுந்து ஓடியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். முதுகெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் போகவில்லை. திரும்ப உட்கார்ந்து, அந்தத் தூசி நிறத்துக்கு எதையெல்லாம் கலந்திருக்கிறான் என்று பார்த்தேன். கொஞ்சம் காவி, கொஞ்சம் சாம்பல், வேறு என்னவோ. அன்று முழுக்க அதைக் கலந்து பார்த்தேன். எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பேஸிலும் அவன் வந்தான். நான் மாலையில் இருபத்துநான்கு வைத்துவிட்டுப் போவேன். காலையில் இருபத்தைந்து இருக்கும். கதவு பூட்டியபடியே இருக்கும். காரைக்குடியிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பி வர ஆரம்பித்தேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட, இன்றைக்கு எப்படிச் செய்திருக்கிறான் என்று பார்க்கும் அவசரம்தான் என்னை விரட்டியது.

ஐந்தாவது பேஸில் வந்தவனுக்கு முகம் இருந்தது. நான் சொன்னேன் அல்லவா, நாங்கள் முகத்துக்கு ஒரு புள்ளி வைப்பதோடு சரி. இவனுக்குக் கண் இருந்தது. இமை இருந்தது. தூங்காதவனின் கண்.

முதல் மூன்று பேஸைப் படம் எடுத்து மார்ட்டினுக்கு அனுப்பினேன். அந்த ஒருவன் திரும்பி நிற்பது தெரியாதபடி கொஞ்சம் சாய்த்துத்தான் எடுத்தேன். அன்றே பதில் வந்தது. வேலை ஒழுங்காக இருக்கிறது, நன்றி என்று ஒரு வரி. அதற்குக் கீழே நான்கு வரி: இரண்டாவது வரிசையில் ஒருவன் நிற்கிறானே, அவன் அழகுராஜா அடித்து வைத்துவிட்டுப் போனவன்தானே? அந்தக் கையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அவனைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது.

போனை மேசையில் குப்புறக் கவிழ்த்தேன். செத்தும் விடமாட்டேன் என்கிறானே. நான் நாள் முழுக்க முதுகு ஒடிய இருபத்துநான்கு பேரைச் செய்ய, பூட்டிய அறைக்குள் வந்து ஒருவனைச் செய்துவிட்டுப் போய், பெயரை அவன் தட்டிக்கொண்டு போகிறான்.

அப்போது சோலையம்மாள் கதவோரம் வந்து நின்றாள். நெற்றியில் தைலம் தடவியிருந்தாள்.

“ஏன்யா, அந்த டப்பாவ ஏன் ஓயாமக் குலுக்குறீக? டக்கு டக்குனு காலையில இருந்து தலைவலிக்குது.”

“எந்த டப்பா?”

“அதான், அவுக குலுக்குவாகளே, உள்ளார கோலி கெடக்குமே. அது.”

ஸ்ப்ரே டப்பாவுக்குள் ஓர் இரும்புக் குண்டு கிடக்கும். அடிக்கும் முன் குலுக்கினால் டக்கு டக்கு என்று சத்தம் வரும். நான் அந்த அறைக்கு ஸ்ப்ரே எதுவும் கொண்டு வரவில்லை. என் வார்னிஷ் பாட்டிலில் இருந்தது, தூரிகையால் தடவுவது.

“நான் குலுக்கலையே.”

சோலையம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் இருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பாத்திரம் பண்டம் போட்டு ஆச்சி பூட்டி வைத்திருக்கும் ஜன்னலில்லாத அறை அது. மறுநாள் முதல் வளவைக் கூட்டிவிட்டு, நான் வருவதற்குள் போய்விட ஆரம்பித்தாள்.

பத்தாவது பேஸ் மிச்சமிருந்தது. அன்று மதியம் சாப்பாடு கொண்டு வருவதாகவும், முடிந்த படையைப் பார்க்க வேண்டும் என்றும் யோகலட்சுமி சொல்லியிருந்தாள். அவளுக்கு வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அடியில் ஒட்டிய தாள் அவள் கண்ணில் படாது, யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தேன்.

அன்றைக்கு ஒரு முடிவோடு போனேன். கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன். பகல் வெளிச்சத்தில், என் கண் முன்னால் எப்படி வருகிறான் பார்ப்போம்.

பத்து மணிக்கு இருபத்துநான்கு பேரையும் ஒட்டினேன். மூன்று முறை எண்ணினேன். பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டுக்கொண்டு பேஸுக்கு எதிரே உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. யாரும் வரவில்லை. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

“என்ன மாப்ள, முடியலையா?” என்று சத்தமாகவே கேட்டேன்.

பன்னிரண்டரைக்கு வானம் இருண்டது. வளவில் கிடந்த வெளிச்சம் சுருங்கிச் சாம்பலானது. ஒரு பெரிய துளி, இன்னொன்று, பிறகு கொட்டியது. ஓட்டிலிருந்து தண்ணீர் நான்கு பக்கமும் திரையாக விழுந்தது. மின்சாரம் போனது. பூதக்கண்ணாடி விளக்கு அணைந்தது.

மழைச் சத்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம்.

டக்.

உள்ளறையிலிருந்து.

டக்... டக்... டக்.

திரும்பிப் பார்த்தேன். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. யாரோ நிதானமாக, சொன்ன அளவுக்கு, இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும் என்ற ஒழுங்கோடு குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்படித்தான் குலுக்குவான். அவசரமே படமாட்டான்.

குலுக்கல் நின்றது.

மழை மட்டும்.

பிறகு ‘உஸ்’ என்று ஒரு மூச்சு. வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. என் வலது புறங்கையில் சில்லென்று ஏதோ படிந்தது. பார்த்தேன். தூரிகை பிடித்திருந்த விரல்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. நகம் வெளுத்தது. முட்டி வெளுத்தது. ரோமம் ஒவ்வொன்றும் வெள்ளையாகி நின்றது. விரலை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. வெளுப்பு மணிக்கட்டைத் தாண்டி ஏறியது.

என் காதோரத்தில், போன் வைக்கும் இடத்தில், அந்தக் குரல்.

“மச்சான்... எல்லாம் வெளுத்துப்போச்சு. என்ன செய்ய?”

பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும்.

“என்ன செய்ய மச்சான்?”

கோபமே இல்லாத குரல். அன்று கேட்டது போலவே என்னை நம்பிக் கேட்கும் குரல். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முழங்கை வரைக்கும் வெளுத்து, தோளும் மரத்துப் போய்க்கொண்டிருந்தது.

“என்ன...”

“எண்ணெ தடவுங்க மாப்ள!” என்று கத்தினேன். “ஒரு சொட்டு எண்ணெயத் தொட்டுத் தடவுனா எல்லாம் திரும்பிரும். எனக்குத் தெரியும். அன்னைக்கி நீங்க கேட்டப்பயே தெரியும். வெளுக்கும்னும் தெரிஞ்சுதான் அடிங்கன்னு சொன்னேன். சொல்லாம இருந்துட்டேன் மாப்ள. ஒரு ராத்திரிதானேன்னு இருந்துட்டேன்!”

மழை விட்டது போலச் சட்டென்று அமைதி. விளக்கு எரிந்தது. கையைப் பார்த்தேன். என் கை. பழைய கறுத்த கை, விரலில் நீலக் கறை.

பேஸை எண்ணினேன். இருபத்துநான்குதான் இருந்தது.

“எந்த எண்ணெண்ணே?”

நிலையில் யோகலட்சுமி நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. சேலை முந்தானை நனைந்து ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, முகமே சொன்னது.

“யோகா, நான் வந்து...”

“அவுகளத் தூக்குறதுக்கு முன்னாடி தலையில எண்ணெ வச்சீகளே. நல்லெண்ணெ. மொத ஆளா வந்து வச்சீக.” அவள் குரல் உயரவே இல்லை. “அந்த எண்ணெதானாண்ணே?”

மேசையில் அந்த நல்லெண்ணெய்க் கிண்ணம் தூரிகையோடு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். மேசைக்கு வந்து ஒரு பேஸை எடுத்தாள், அவன் அடித்த ஒன்று. கவிழ்த்தாள். “சே.பெ.” என்பதை வாசித்தாள். அடுத்ததைக் கவிழ்த்தாள். நாற்பதையும், ஒன்றுகூட விடாமல், எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஓர் ஆள்கூட உடையாமல் திரும்ப வைத்தாள்.

“சாவியக் குடுத்துட்டுப் போங்க” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

படையை அவளே பெட்டியில் அடுக்கி அனுப்பினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மார்ட்டினுக்கும் அவளே யாரையோ வைத்து எழுதியிருக்கிறாள். கண்காட்சிப் படங்களை அவர் எனக்கும் அனுப்பினார். பச்சை விரித்த பெரிய மேசை, அதில் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர், முன்னால் ஒரு வெள்ளை அட்டை, அதில் அழகுராஜா என்று ஆங்கிலத்தில். அட்டையைச் சுற்றி ஆட்கள் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கச்சி தாலி போய் உட்கார்ந்திருக்கிறாள், காரணம் நான், அவள் என் முகத்தில் விழிப்பதில்லை. இதெல்லாம் தெரிந்தும், அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வெட்கம் கெட்டவன்தான் நான்.

நடந்ததை அவள் எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் காறித் துப்பி ஒரு மாதத்தில் ஓய்ந்திருப்பார்கள். இப்போது யாரைப் பார்த்தாலும், இவருக்குத் தெரியுமோ என்று என் கண் தானாகக் கீழே போகிறது.

தூரிகையை விட்டுவிட்டேன். நிறம், பசை, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். தையும் மாசியும் ஃபிளெக்ஸ் வேலையோடு போயின. எதுவும் நடக்கவில்லை. கொத்தமங்கலம் பக்கமே போகவில்லை. முடிந்தது என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

இன்று காலை ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. நேற்று வாங்கிய சட்டையைக் கடைக்கு எடுத்துவந்து, அங்கேயே பையைப் பிரித்து, பத்து நிமிடம் முன்னால்தான் போட்டேன். கிளிப்பச்சையில் மெல்லிய மஞ்சள் கோடு. கம்ப்யூட்டரை அணைக்கத் திரும்பினேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவு ஒரு மரத்துண்டு இருந்தது. கடையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

அதன் மேல் ஒரே ஓர் ஆள். சிப்பாய் இல்லை. தொப்பி, துப்பாக்கி எதுவும் இல்லை. வேட்டி கட்டி, கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். பூதக்கண்ணாடி இல்லாததால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். கிளிப்பச்சைச் சட்டை. மெல்லிய மஞ்சள் கோடு, எண்ணிவிடலாம் போல. சட்டையில் மூன்றாவது பட்டன் போடவில்லை, அந்த இடம் லேசாகப் பிளந்து உள்ளே பனியன் தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். என் சட்டையில் மூன்றாவது பட்டன் போடவில்லை.

அப்போது எனக்கு முதலில் பயம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. ஆறு மில்லிமீட்டரில் போடாத பட்டனை எப்படிக் காட்டினான், இந்தக் கை எனக்கு ஏழு பிறவிக்கும் வராதே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. இன்னும் காயவில்லை.